கண்மாயைத் தோண்டப் பணம் வந்திருக்கிறது; முதலில் எங்கே கை வைப்பது?

கேட்டவர்: மேலூர்ச் சீமை

அனைவருக்கும் வணக்கம். எங்கள் ஊர் மதுரை மாவட்டத்தில் மேலூருக்குக் கிழக்கே, பெரியாறு கால்வாய்த் தண்ணீர் எட்டாத பகுதியில் இருக்கிறது. ஊர்க் கண்மாய் முழுவதும் மழையை நம்பிய மானாவாரிக் கண்மாய்; நீர்ப்பரப்பு அறுபது ஏக்கருக்குச் சற்றுக் குறைவு. மேற்கே உள்ள கல்மலைகளில் பெய்யும் மழை ஓடையாக இறங்கி, எங்களுக்கு மேலே உள்ள இரண்டு சிறு கண்மாய்களை நிரப்பி, அவை நிறைந்து மறுகால் பாய்ந்த (மிகுதி நீர் வழிந்த) பிறகே எங்கள் கண்மாய்க்கு வரும். எங்கள் கலுங்கில் (மிகுதி நீர் வழியும் கல் அமைப்பில்) வழிவது அடுத்த ஊருக்குப் போகும். ஐப்பசியிலும் கார்த்திகையிலும் நல்ல மழை பெய்த ஆண்டுகளில்கூட இப்போது எங்கள் கண்மாய் பாதிக்கு மேல் நிறைவதில்லை. மேலே இரண்டு கண்மாய்களும் மறுகால் பாயும்போதே எங்களுடையது குறையாகக் கிடக்கிறது.

வெளியூர்களிலும் வெளிநாடுகளிலும் வேலை பார்க்கும் எங்கள் ஊர்ப் பிள்ளைகள் சேர்ந்து ஒரு நல்ல தொகையைத் திரட்டியிருக்கிறார்கள். அவர்கள் அனுப்பிய திட்டம் இதுதான்: பொக்லைன் வைத்துக் கண்மாய் முழுவதையும் சீராக ஆறு அடி ஆழப்படுத்துவது, உள்ளே நிற்கும் நாட்டுக் கருவேலம், சீமைக்கருவேலம் ஆகிய எல்லா மரங்களையும் எடுப்பது, கரையின் உட்சரிவில் சிமெண்ட் போடுவது, கரைமேல் கல் பாவிய நடைபாதையும் விளக்குகளும் அமைப்பது, கலுங்கை ஓரடி உயர்த்துவது. அவர்களுடைய அக்கறையில் எனக்குச் சிறிதும் ஐயமில்லை. ஆனால், ஊர்ப் பெரியவர்களில் சிலர் இந்தத் திட்டத்தைக் கேட்டுவிட்டு எதுவும் சொல்லாமல் எழுந்து போய்விட்டார்கள். அதுதான் என்னை யோசிக்க வைக்கிறது.

அரிட்டாபட்டிப் பக்கம் வரவிருந்த டங்ஸ்டன் சுரங்கத்துக்கு எதிரான போராட்டத்துக்குப் பிறகு எங்கள் பக்கத்தில் மலை, சுனை, கண்மாய் பற்றிப் பேசாதவர் இல்லை. செலவு செய்யும் நேரம் வந்தால் எல்லோரும் பொக்லைனைத்தான் கேட்கிறார்கள். இந்தத் திட்டம் கண்மாயைக் காக்குமா, கெடுக்குமா, இதே பணத்தை வேறு எந்த வரிசையில் செலவிடலாம் என்பதை விவரம் தெரிந்தவர்கள் விளக்க வேண்டுகிறேன்.

பதில் 1: கலுங்கடி

தம்பி, பாசனத் துறையில் பொறியாளராகப் பணியாற்றி ஓய்வு பெற்றவன் என்ற முறையில் எழுதுகிறேன். உங்கள் கேள்விக்கான விடை உங்கள் முதல் பத்தியிலேயே இருக்கிறது. மேல் கண்மாய்கள் மறுகால் பாய்கின்றன, ஆனால் உங்களுக்குத் தண்ணீர் வரவில்லை என்றால், குறை கண்மாயின் கொள்ளளவில் இல்லை. அந்தக் கலுங்குக்கும் உங்கள் கண்மாய்க்கும் இடையே உள்ள வரத்துக் காலில் இருக்கிறது. கால்வாய் தூர்ந்திருக்கலாம், வயலோடு சேர்த்து உழப்பட்டிருக்கலாம், சாலை போட்டபோது வைத்த குழாய் போதாமல் இருக்கலாம், அல்லது யாரோ தம் தோட்டத்துக்குப் பக்கம் மடக்கிவிட்டிருக்கலாம். பாதிகூட நிறையாத கண்மாயை இன்னும் ஆறு அடி தோண்டினால், நிறையாத பள்ளம் இன்னும் பெரிதாகும், வேறொன்றும் நடக்காது.

கணக்காகவே பார்க்கலாம். ஓர் ஏக்கரை ஓரடி ஆழம் தோண்டினால் ஏறத்தாழ 1,230 கன மீட்டர் மண் வரும். அறுபது ஏக்கரை ஆறு அடி தோண்டினால் 4.4 லட்சம் கன மீட்டர். அவ்வளவு புதிய இடத்தையும் நிரப்ப எவ்வளவு தண்ணீர் வேண்டும்? ஒரு சதுர கிலோமீட்டர் நிலத்திலிருந்து 100 மில்லிமீட்டர் அளவுக்கு மழைநீர் மண்ணில் ஊறாமல் வடிந்து வந்தால்தான் ஒரு லட்சம் கன மீட்டர் கிடைக்கும். அப்படியானால் இப்போது வராத தண்ணீரோடு சேர்த்து, இன்னும் நாலரைச் சதுர கிலோமீட்டர் நீர்ப்பிடிப்பிலிருந்து வடியும் தண்ணீரும் உங்களுக்கு வந்தாக வேண்டும். அது எங்கிருந்து வரும் என்று திட்டம் போட்டவர்களைக் கேளுங்கள். அந்த 4.4 லட்சம் கன மீட்டர் மண் எங்கே போகும் என்பதையும் கேளுங்கள். மண்ணை எடுத்துக்கொண்டு கூலியில்லாமல் தோண்டித் தருகிறோம் என்று யாராவது முன்வந்தால், அவர்களுடைய அக்கறை கண்மாயின் மீதா, செங்கல் சூளையின் மீதா என்று பார்த்துக்கொள்ள வேண்டியது உங்கள் பொறுப்பு.

இனி ஆழத்தைப் பற்றி. கண்மாய் என்பது நான்கு பக்கமும் வெட்டிய குளம் அன்று. சரிந்து இறங்கும் நிலத்தின் தாழ்ந்த பக்கத்தில் மட்டும் கரை போட்டுத் தண்ணீரை மறிக்கும் அமைப்பு அது. கரையோரம் ஆழமாகவும், தண்ணீர் வந்து சேரும் உள்வாய்ப் பக்கம் போகப்போக ஆழம் குறைந்து முழங்கால் அளவாகவும் இருப்பதுதான் அதன் இயல்பு. வயலுக்குத் தண்ணீர் திறந்துவிடும் மடையின் அடிமட்டத்துக்கு மேலே நிற்கும் தண்ணீர்தான் தானாக வயலுக்குப் பாயும். அதற்குக் கீழே நிற்பதை மோட்டார் வைத்துத்தான் இறைக்க வேண்டும். மோட்டார் உள்ளவருக்கு மட்டும் தண்ணீர் என்ற நிலை வந்தால், ஆயக்கட்டில் (கண்மாய்ப் பாசன நிலத்தில்) முறை வைத்துப் பாய்ச்சும் வழக்கமும், தண்ணீரைப் பங்கிட்டு விடும் நீர்க்கட்டியின் வேலையும் அத்தோடு முடிந்துபோகும். மேலும், பல காலமாகப் படிந்த களிமண் படுகைதான் தண்ணீரைத் தாங்கி நிற்கிறது. அதை முழுவதும் வெட்டியெடுத்து அடியில் உள்ள சரளையைத் திறந்துவிட்டால், மாசி வரை நிற்க வேண்டிய தண்ணீர் தை பிறப்பதற்குள் வற்றிவிடக்கூடும். கரையின் அடியை ஒட்டித் தோண்டுவது இவை எல்லாவற்றையும்விட ஆபத்தானது, ஏனென்றால் நிறைந்த கண்மாயில் கரை உடைப்பெடுப்பதற்கு அதுவே காரணமாகிவிடும்.

தூர் வாரவே கூடாது என்று நான் சொல்லவில்லை. படிந்த வண்டலை மட்டும், பழைய தரைமட்டம் வரை, கரையிலிருந்து போதிய தூரம் விட்டு எடுப்பது நல்ல வேலை. அந்த வண்டல் வயலுக்குப் போனால் நிலமும் தேறும். விவசாயிகளும் மண்பாண்டத் தொழிலாளர்களும் வண்டல் எடுக்க வட்டாட்சியர் அளவிலேயே அனுமதி பெறலாம் என்று 2024 இல் விதி தளர்த்தப்பட்டிருக்கிறது. கோடையில் ஆடுமாடும் மீனும் பிழைக்க ஓரிடத்தில் மட்டும் சற்று ஆழமான மடுவு வைப்பதிலும் தவறில்லை. ஆழமான நீரில் ஆவியாதல் இழப்பு குறையும் என்ற வாதத்திலும் உண்மை இருக்கிறது. ஆனால் அதற்கு ஒரு மடுவு போதும், அறுபது ஏக்கர் வேண்டாம்.

உட்சரிவில் சிமெண்ட் வேண்டியதில்லை. அலை அரிக்கும் இடங்களில் கல் பதித்தால் போதும். பனையும் வெட்டிவேரும் மீதியைப் பார்த்துக்கொள்ளும். கலுங்கை உயர்த்துவது பற்றிக் கீழ் ஊர்க்காரர் யாராவது எழுதுவார்கள் என்று நினைக்கிறேன்.

ஒரு பைசா செலவழிப்பதற்கு முன் மூன்று ஆவணங்களைத் தேடி எடுங்கள்: கிராம வரைபடம், வரத்துக் கால் ஓடும் புல எண்களின் புல வரைபடங்கள், எந்தப் புல எண் யாருடையது, என்ன வகை நிலம் என்று காட்டும் 'அ' பதிவேடு. இவற்றோடு பொதுப்பணித் துறைப் பழைய அலுவலகங்களில் 'டேங்க் மெமாயர்' என்றொரு குறிப்பேடு இருக்கும். சென்னை மாகாணத்தில் 1883 இல் தொடங்கிய ஏரிச் சீரமைப்புத் திட்டத்தின்போது, கண்மாய் கண்மாயாக அளந்து, நீர்ப்பிடிப்பு, முழுக் கொள்மட்டம், கலுங்கின் நீளம், மடைகளின் மட்டம், ஆயக்கட்டு ஆகியவற்றை எழுதி வைத்தார்கள். உங்கள் கண்மாய்க்கு அது கிடைத்துவிட்டால் பாதி விவாதம் முடிந்துவிடும். ஆயக்கட்டு 40 ஹெக்டேருக்கு மேல் என்றால் கண்மாய் நீர்வளத் துறையின் பொறுப்பு, குறைவென்றால் ஊராட்சி ஒன்றியத்தின் பொறுப்பு. எதுவாயினும் அனுமதியின்றி எந்திரத்தை இறக்க வேண்டாம்.

பதில் 2: நத்தைகுத்தி

அய்யா அவர்கள் தண்ணீர்க் கணக்கைச் சொல்லிவிட்டார்கள். நான் சிவகங்கை மாவட்டத்துக்காரன். மரத்தையும் உள்வாயையும் பற்றி மட்டும் எழுதுகிறேன்.

திருப்பத்தூருக்கு அருகே கொள்ளுகுடிப்பட்டி, வேட்டங்குடிப்பட்டி ஊர்களின் கண்மாய்கள்தான் 1977 இல் வேட்டங்குடி பறவைகள் சரணாலயமாக அறிவிக்கப்பட்டவை. அங்கே நாரைகளும் அரிவாள்மூக்கன்களும் கூடு கட்டுவது கண்மாய்க்குள் நிற்கும் நாட்டுக் கருவேல மரங்களில். சுற்றிலும் தண்ணீர் நிற்கும் மரத்தைப் பூனையும் நாயும் நெருங்க முடியாது என்பதால் பறவைகள் அந்த மரங்களைத் தேர்ந்தெடுக்கின்றன. பறவைகள் அஞ்சிப் பறந்துவிடக் கூடாது என்பதற்காக அந்த ஊர்களில் தீபாவளிக்கும் வெடி வெடிப்பதில்லை என்பது பலருக்குத் தெரிந்த செய்தி. பறவைகளின் எச்சம் கலந்த தண்ணீர் வயலுக்கு உரமாகிறது என்பதை வேடந்தாங்கல் விவசாயிகளும் நெடுங்காலமாக அறிந்திருக்கிறார்கள். அவர்களுடைய பறவைப் பாசத்தில் இந்தக் கணக்கும் அடங்கியிருக்கிறது, அதில் குறை சொல்ல எதுவுமில்லை.

ஆகவே சீமைக்கருவேலத்தையும் நாட்டுக் கருவேலத்தையும் ஒரே பட்டியலில் எழுதியிருப்பதை முதலில் பிரியுங்கள். சீமைக்கருவேலத்தை வேரோடு எடுக்க வேண்டும். அடிமரத்தை வெட்டிவிட்டுப் போனால் அது முன்பைவிட அடர்த்தியாகத் தழைக்கும். நாட்டுக் கருவேலத்தை நிறுத்திவிட வேண்டும், கூடு இருக்கும் மரத்தைத் தொடவே கூடாது. எடுக்கும் மண்ணில் கொஞ்சத்தை உள்ளேயே திட்டுத் திட்டாகக் குவித்து அதில் கருவேலமும் நீர்க்கடம்பும் வைத்தால், சில ஆண்டுகளில் அவை கூடு தாங்கும்.

உள்வாயின் ஆழமற்ற பகுதி வீண் இடம் என்று பலர் எண்ணுகிறார்கள். உண்மையில் ஒரு கண்மாயில் உயிர் மிகுந்த பகுதி அதுதான். மஞ்சள்மூக்கு நாரை முழங்கால் தண்ணீரில் நடந்து மீன் தேடுகிறது. நத்தைகுத்தி நாரைக்குச் சேற்று நத்தை வேண்டும். உள்ளான்களுக்குத் தண்ணீர் வடிந்த ஈரச் சேறு வேண்டும். தண்ணீர் மெல்ல மெல்லப் பின்வாங்கும் சரிவு இருந்தால், கார்த்திகை முதல் பங்குனி வரை ஏதாவது ஒரு பறவைக்கு ஏற்ற ஆழம் எங்காவது இருந்துகொண்டே இருக்கும். ஆறு அடி நேர்க்குத்தாகத் தோண்டிய கண்மாயில் நீர்க்காகமும் முக்குளிப்பானும் வரலாம். காலால் நடந்து இரை தேடும் எதுவும் வராது. மாடு இறங்கவும் வழியிருக்காது, சிறுவர்கள் தவறி விழுந்தால் ஏறவும் வழியிருக்காது.

சட்டத்தில் உள்ள ஓர் ஓட்டையையும் சொல்ல வேண்டும். ராமநாதபுரம் மாவட்டத்தின் சித்திரங்குடி, கஞ்சிரங்குளம் ஆகியவை 2022 இலும், சக்கரக்கோட்டை, தேர்த்தங்கல் ஆகியவை 2025 இலும், உலக முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலங்களின் ராம்சர் பட்டியலில் இடம்பெற்றதாக அறிவிக்கப்பட்டன. நான்குமே மனிதர் கட்டிய கண்மாய்கள். ஆனால் ஒன்றிய அரசின் 2017 ஆம் ஆண்டு ஈரநில விதிகள், பாசனத்துக்கென்றே கட்டப்பட்ட நீர்நிலைகளை ஈரநிலம் என்ற வரையறையிலிருந்து விலக்கிவைக்கின்றன. பட்டியலில் இடம்பிடித்த கண்மாய்க்கு ஈரநிலம் என்ற தகுதி கிடைக்கிறது; அதைப் போன்றே பறவை வரும் பக்கத்து ஊர்க் கண்மாய்க்குக் கிடைப்பதில்லை. தமிழ்நாட்டில் உள்ள 39,000க்கும் மேற்பட்ட ஏரி கண்மாய்களில் மிகப் பெரும்பாலானவை இப்படி வெளியே நிற்பவைதான். உங்கள் கண்மாயைக் காக்க டெல்லியிலிருந்து விதி வரும் என்று காத்திருக்க முடியாது. ஊர்க் கூட்டத்தில் நீங்கள் எடுக்கும் முடிவுதான் அதற்கு விதி.

பதில் 3: வாசுகி டீச்சர்

நடைபாதை தேவையில்லை என்ற தொனி மேலே உள்ள பதில்களில் தெரிவதாக எனக்குப் படுகிறது. எங்கள் ஊரில் மாலையில் பெண்கள் அச்சமின்றி நடக்க நெடுஞ்சாலை ஓரத்தை விட்டால் வேறு இடமில்லை. கண்மாய்க் கரையில் நடக்க ஆரம்பித்த பிறகுதான் குப்பை கொட்டுவது குறைந்தது, ஏனென்றால் பார்க்கும் கண்கள் அங்கே வந்துவிட்டன. கல் பாவ வேண்டாம் என்றால் மண் பாதையாக இருக்கட்டும், விளக்கைக் கரையின் வெளிச்சரிவில் தாழ வைத்து இரவு ஒன்பது மணிக்கு அணைத்துவிடட்டும். ஆனால், ஊர் மக்கள் வந்து போகாத கண்மாயை ஒரு தலைமுறைக்குப் பிறகு யார் காப்பார்கள் என்பதையும் எண்ணிப் பார்க்க வேண்டும்.

பதில் 4: கடைமடை

டீச்சர் சொல்வது நியாயம். மண் பாதையை யாரும் மறுக்கப்போவதில்லை. கலுங்கை ஓரடி உயர்த்துவதைத்தான் மறுக்கிறேன். நான் இதே போன்ற ஒரு கண்மாய்ச் சங்கிலியின் கீழ்க்கோடியில் விவசாயம் செய்பவன்.

கலுங்கின் உயரம் என்பது ஓர் ஊர் தனியாக முடிவு செய்கிற விஷயம் அன்று. நீங்கள் ஓரடி உயர்த்தினால், உங்கள் உள்வாய் ஓரமாக உள்ள பட்டா நிலங்கள் முழுகும்; அந்த நிலக்காரர்கள் இரவோடு இரவாக வந்து கலுங்கை உடைத்த கதை எல்லாப் பக்கத்திலும் உண்டு. பெருமழையில் வழிய வேண்டிய தண்ணீர் வழியாமல் நின்றால் உங்கள் கரைக்கு ஆபத்து. சுமாரான மழையில், இரண்டு மூன்று நாள் முன்னதாக எங்களுக்கு வர வேண்டிய மறுகால் வராமலே போகும். மேல் ஊரில் கலுங்குக் கற்களுக்கு இடையே பலகை வைத்து அடைத்ததற்காகப் பேசாமல் போன சம்பந்திகளை நான் அறிவேன். நிறையாத கண்மாய்க்கு உயர்ந்த கலுங்கு எதற்கு என்ற சிறிய கேள்வியும் இருக்கிறது.

உங்களுக்கு மேலே உள்ள மலையை மறந்துவிடாதீர்கள். 2022 நவம்பரில் அரிட்டாபட்டியையும் மீனாட்சிபுரத்தையும் சேர்த்து ஏறத்தாழ 193 ஹெக்டேரைத் தமிழ்நாட்டின் முதல் பல்லுயிர் மரபுத் தலமாக அரசு அறிவித்தபோது, அங்குள்ள ஏழு குன்றுகளும் 72 நீர்நிலைகளுக்கும் 200 சுனைகளுக்கும் நீர் தருகின்றன என்றே குறிப்பிட்டது. அந்தப் பகுதியை உள்ளடக்கிய டங்ஸ்டன் ஏலத்தை 2025 ஜனவரியில் ஒன்றிய அரசு ரத்து செய்தது; அதற்காக மேலூர்ப் பகுதி மக்கள் மதுரை வரை திரண்டு வந்ததை நாடே பார்த்தது. அதற்கு முன்பு, கிரானைட் முறைகேடுகள் 2012 இல் வெளிவந்தபோது, கண்மாய்களும் ஓடைகளும் கழிவுக் கற்களால் மூடப்பட்டன என்ற புகார் உங்கள் பகுதியிலிருந்துதான் எழுந்தது. அதை விசாரிக்க உயர் நீதிமன்றம் 2014 இல் இ.ஆ.ப. அதிகாரி உ. சகாயம் அவர்களை நியமித்தது. பாறை மலை என்றால் மழைநீரில் பெரும்பகுதி ஊறாமல் வழிந்து இறங்கும். அதனால்தான் மானாவாரிக் கண்மாய்க்குக் குன்றை விடச் சிறந்த நீர்ப்பிடிப்பு கிடையாது. மலையடிவாரத்தில் ஒரு குவாரிக் குழியோ, ஓடையை மறித்துப் போட்ட ஒரு மண்சாலையோ போதும். அந்த மழை உங்கள் பக்கம் வராது. ஆகவே, வரத்துக் காலை நடந்து பார்க்கும்போது மேல் கண்மாயோடு திரும்பிவிடாமல் மலையடிவாரம் வரை போங்கள்.

மேலூர்ச் சீமை:

மிகுந்த நன்றி. கலுங்கை உயர்த்தும் பேச்சை இன்றே நிறுத்தச் சொல்லிவிட்டேன். நாங்கள் சிலர் வரத்துக் காலை நடந்து பார்த்ததில், மேல் கலுங்கிலிருந்து இறங்கும் கால்வாய் பாதித் தூரத்தில் ஒரு தென்னந்தோப்புக்குள் காணாமல் போகிறது. தோப்புக்காரர் தம்மிடம் பட்டா இருப்பதாகச் சொல்கிறார். அவர் எங்கள் ஊருக்கு மாமன் மச்சான் உறவு, சண்டையாக்க விருப்பமில்லை. என்ன செய்யலாம், அய்யா?

கலுங்கடி:

பட்டா இருக்கிறது என்பது ஒன்று, கால்வாய் அந்தப் பட்டாவுக்குள் அடங்குகிறதா என்பது வேறொன்று. பெரும்பாலும் தோப்புக்குப் பட்டா சரியாகவே இருக்கும். நடுவே ஓடும் கால்வாய் தனிப் புல எண்ணாகவோ உட்பிரிவாகவோ புறம்போக்கில் இருக்கும். வட்டாட்சியர் அலுவலகத்தில் பணம் கட்டி அரசு நில அளவர் மூலம் அளக்கச் சொல்லுங்கள். புறம்போக்கு என்று தெரிந்தால், நீர்வளத் துறைக் கண்மாய்க்கு 2007 ஆம் ஆண்டு ஏரிகள் பாதுகாப்பு, ஆக்கிரமிப்பு அகற்றல் சட்டம் இருக்கிறது. மற்றவற்றுக்கு 1905 ஆம் ஆண்டு நில ஆக்கிரமிப்புச் சட்டம் இருக்கிறது. நீர்நிலைப் புறம்போக்கில் ஆக்கிரமிப்பை அனுமதிக்க முடியாது என்று சென்னை உயர் நீதிமன்றம் 2005 இலேயே தெளிவாகத் தீர்ப்பளித்திருக்கிறது.

ஆனால், உறவுக்காரரிடம் சட்டத்தைக் கையில் பிடித்துக்கொண்டு போக வேண்டாம். தென்னையை வெட்டாமல் கால்வாயை மீட்க இரண்டு வழிகள் உண்டு. மரவரிசைகளுக்கு இடையே பழைய அகலத்துக்குக் கால் வெட்டி இரு பக்கமும் கல் கட்டிக் கொடுப்பது ஒன்று. அவர் வண்டி போய்வரப் பாலம் ஒன்றை உங்கள் நன்கொடையிலேயே கட்டிக் கொடுப்பதாகச் சொல்லுங்கள். அது முடியாது என்றால், தோப்பின் எல்லையை ஒட்டி அதே சரிவு கிடைக்குமா என்று மட்டம் பார்த்து, மாற்றுப் பாதைக்குரிய நிலத்தை முறைப்படி பதிவு செய்து வாங்குவது மற்றொன்று. குழாய் பதித்து மூடிவிடலாம் என்று யாராவது சொன்னால் ஒப்புக்கொள்ளாதீர்கள். முதல் மழையின் குப்பையும் மண்ணும் அதை அடைத்துவிடும், அடைத்த குழாயை யாரும் திறந்து பார்க்க மாட்டார்கள்.

அளவை சித்திரைக்குள் முடியட்டும். கால்வாய் வேலை ஆடிக்குள் முடிந்தால் நல்லது. புரட்டாசிக்கு மேல் மண் வேலை வைத்துக்கொள்ளக் கூடாது. இந்த ஆண்டு மழையில் தண்ணீர் எவ்வளவு ஏறுகிறது என்று மடைத் தூணில் குறித்து வைத்துவிட்டு, வண்டல் எடுப்பதை அடுத்த கோடைக்குத் தள்ளுங்கள். நில அளவர் வரும் நாளில் மேல் ஊர்க்காரர்களையும் கீழ் ஊர்க்காரர்களையும் வரச் சொல்லி, அளவைக் குறிப்பில் மூன்று ஊராரின் கையெழுத்தையும் வாங்கிக்கொள்ளுங்கள்.